வில்லும் முழவும்: றொஹான் டி சேரத்தின் கலைவாழ்வு பற்றிய ஒரு மதிப்பீடு

கலைஞர் ஒருவரின் வாழ்வை எழுதப் புகுவோர் இருவகை வழுக்களுக்கு ஆளாதல் உண்டு. அவர் ஏறிய மேடைகளையும் பெற்ற பட்டங்களையும் நிரல்படக் கூறி, அவர்தம் கலை எத்தன்மையது என்பதைக் கூறாது விடுதல் ஒன்று. தாம் முன்னரே கொண்ட கோட்பாடு ஒன்றுக்கு அவரைச் சான்றாக நிறுத்தி, அக்கோட்பாட்டுக்கு அடங்காத பகுதியை மறைத்துவிடுதல் மற்றொன்று. இலங்கையைத் தாயகமாகக் கொண்டு, உலக அரங்குகளிலே செல்லோ வாசித்துப் புகழ்பெற்ற றொஹான் டி சேரம் (1939–2024) இவ்விரு வழுக்களுக்கும் ஒருங்கே இலக்கானவர். அவரைப் பாராட்டுவோர் முதற்கண் அவர் வாசித்த மண்டபங்களை எண்ணுவர். பின்னர், கிழக்கையும் மேற்கையும் இணைத்த பாலம் அவர் என்று முடிப்பர். பாலம் இரு கரைகளையும் தொடுவதேயன்றி எக்கரையிலும் வாழ்வதில்லை. டி சேரமோ இரு கரைகளிலும் குடியிருந்து உழைத்தவர். அவ்வுழைப்பின் இயல்பு யாது, அதனால் விளைந்த பயன் யாது, அப்பயனுக்கு எல்லை உண்டா என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முழவொலி கேட்கும் நிலம்

கண்டி நகரையும் அதன் சூழலையும் அறிந்தோர்க்கு முழவொலி புதிதன்று. தலதா மாளிகையின் வழிபாட்டு வேளைகளிலும், எசல மாதத்துப் பெரஹராவிலும் அவ்வொலி எழுகின்றது. தெல்தெனிய அமைந்துள்ள தும்பறைப் பகுதியின் சிங்களக் கிராமங்களிலும், அவற்றையடுத்த தோட்டப்புறங்களிலும் வாழ்வோர் அதனைக் கேட்டே வளர்கின்றனர். மலைநாட்டுத் தோட்டங்களிலே காமன் கூத்துக்குத் தப்பு முழங்குகின்றது. அடுத்த கிராமத்திலே பெரய முழங்குகின்றது. இரண்டையும் கேட்ட செவிகள் பல. இரண்டையும் கற்ற கைகள் அரிய. அண்மையில் இருப்பதனால் மட்டும் ஒரு கலை நமக்கு உரியதாகி விடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கண்டி மேளம் எனப் பொதுவாகச் சொல்லப்படுவது சிங்களத்தில் 'கெட்ட பெரய' என்னும் பெயருடையது. மரத்தைக் குடைந்து செய்யப்படும் இம்முழவு, இடை பருத்து இருபுறமும் ஒடுங்கி, நம் மிருதங்கத்துக்கு இனமானதாகத் தோன்றும். இதன் இரு முகங்களுக்கும் வெவ்வேறு வகைத் தோல் போர்த்தப்படுகின்றது. எனவே ஒரு முகம் கனத்தும் மறுமுகம் கூர்ந்தும் ஒலிக்கும். இடையிலே கட்டி, நின்றும் நடந்தும் ஆடியும் இரு கைகளாலும் முழக்குவர். தத், ஜித், தொன், நன் என்னும் நான்கு அடிப்படைச் சொற்களை வாயாற் சொல்லிக் கையாற் பழகுதல் இதன் கல்விமுறை. நம் மிருதங்கச் சொற்கட்டைப் பயின்ற மாணவன் இம்முறையினைக் கண்ட அளவிலே உறவு கொண்டாடுவான். கொஹொம்ப கங்காரிய முதலிய சடங்குகளோடும் கண்டி நடனத்தோடும் பிரியாது நிற்கும் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தோர் பெரவா குலத்தார். கலையைப் போற்றிய சமுதாயம் கலைஞனைத் தாழ்த்தியே வைத்தது. இவ்விழுக்கு ஓர் இனத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதை நாதசுரம், தவில், பறை ஆகியவற்றின் வரலாறு அறிந்தோர் மறுக்கார்.

பிறப்பும் சூழலும்

டி சேரம் 1939 மார்ச் 9 ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே இலங்கைப் பெற்றோர்க்குப் பிறந்தார். தாயார் மிரியம், வரலாற்றறிஞர் சேர் போல் பீரிசின் மகள். 43 குழுவைச் சேர்ந்த ஓவியர் யஸ்டின் தெரணியகலவின் உடன்பிறந்தவர். செல்வமும் ஆங்கிலக் கல்வியும் நிறைந்த குடும்பத்திலே பிறந்த இவர், கண்டி நடனத்தைக் கற்று மேடையேறிய உயர்குடிப் பெண்களுள் முன்னோடியாக விளங்கினார். அக்காலச் சூழலிலே அஃது எளிய செயலன்று. கொழும்பு மேட்டுக்குடியினர் இல்லங்களிலே பியானோ கற்றல் பெண்களுக்கு அணியாகக் கருதப்பட்டது. இலண்டனிலிருந்து வந்த தேர்வாளர் முன் வாசித்துச் சான்றிதழ் பெறுதல் பெருமையாக இருந்தது. தம் நாட்டு ஆடலோ காண்பதற்கு உரியது, கற்பதற்கு உரியதன்று என்பதே பொதுக் கருத்து. 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஆனந்த குமாரசுவாமி, படித்தோரின் போலி மேனாட்டு வாழ்வைக் கண்டித்து எழுதினார். அக்கண்டனத்துக்குப் பலர் தலையசைத்தனர்; சிலரே செயலால் விடையிறுத்தனர். மிரியம் அச்சிலருள் ஒருவர்.

இத்தாயின் மகன் செல்லோவையும் கண்டி மேளத்தையும் சிறுவயதிலேயே பயின்றார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பின்னாளில் ஐரோப்பாவிலே பெயர்பெற்ற பின், தாயகத்தின் நினைவாக ஓர் அலங்காரத்தைத் தேடி அவர் மேளத்தை நாடவில்லை. இரண்டும் அவர் கையிலே ஒருங்கே வளர்ந்தன. உடன்பிறந்தவரான துருவி டி சேரம் பியானோக் கலைஞரானார். சகோதரர் இருவரும் கூடி வாசித்த கச்சேரிகள் பல. ஒரு வீட்டிலே பியானோவும் செல்லோவும் முழவும் ஒன்றையொன்று இழிவு செய்யாது வாழ்ந்தன எனின், அவ்வீடே முதற் பள்ளிக்கூடம் எனல் பொருந்தும்.

ஆசிரிய மரபு

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கருவி. நான்கு நரம்புகளையுடையது, அமர்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கப்படுவது. ஆண்மகனின் குரலை ஒத்த கனமும் நெகிழ்வும் அதற்கு உண்டு. நெடுங்காலம் துணைக் கருவியாகக் கருதப்பட்ட அதனைத் தனிமேடைக்கு உரியதாக்கிய பெருமையில் பெரும்பங்கு கற்றலோனியாவிலே பிறந்த பாப்லோ கசல்சுக்கு (1876–1973) உரியது. பாக் இயற்றிய ஆறு தனிச் செல்லோத் தொகுதிகளை உலகறியச் செய்தவர் அவரே.

டி சேரம் தம் பதினோராம் வயதில் இத்தாலி சென்று, சியெனாவிலும் புளோரன்சிலும் கஸ்பார் கசாடோவிடம் பயிலத் தொடங்கினார். கசாடோ, கசல்சின் மாணவர். 1955 இல் சுஜியா பரிசைப் பெற்ற டி சேரம், அதன் பயனாக இங்கிலாந்திலே சேர் யோன் பார்பிரோலியிடமும், புவேர்ட்டோ றிக்கோவிலே கசல்சிடமும் கற்றார். ஆகவே முதலிற் குருவிடமும் பின்னர்க் குருவின் குருவிடமும் பாடங் கேட்ட பேறு அவருக்கு வாய்த்தது. மேனாட்டிசை ஏட்டைப் பார்த்து வாசிக்கப்படுவதாகலின் ஆசிரிய மரபு அதற்கு வேண்டுவதில்லை என்று நம்மவர் சிலர் எண்ணுவதுண்டு. ஏட்டிலே சுரம் இருக்கும். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வில் செல்லும் வழி ஆசானின் கையிலேதான் இருக்கும். இவ்வகையிலே கசல்சிடம் கற்றலும் பெரவா ஆசானிடம் கற்றலும் ஒரே முறையினவாகும்.

1960 இல் மித்ரோபூலசின் அழைப்பின்பேரில், நியூயோர்க் கார்னகி மண்டபத்திலே நியூயோர்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் கச்சத்தூரியனின் செல்லோக் கொன்சேர்ட்டோவை அவர் வாசித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. கோடாய், சொஸ்தகோவிச், வோல்ட்டன் முதலிய இயற்றுநரோடு பழகி அவர்தம் ஆக்கங்களை வாசிக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. இந்நிலையிலே நின்றிருப்பின், பழைய பெருங் கொன்சேர்ட்டோக்களை ஊர்தோறும் வாசித்துப் பொருளும் புகழும் ஈட்டும் வழி அவர்முன் திறந்தே இருந்தது. அவர் தேர்ந்தது அவ்வழியன்று.

நால்வர் குழுவில்

1972 இல் இலண்டனிற் குடியேறிய டி சேரம், 1970 களின் இறுதியிலே ஆர்டிட்டி நால்வர் குழுவிற் சேர்ந்து 2005 வரை அதன் செல்லோக் கலைஞராக விளங்கினார். வயலின் கலைஞர் எர்வின் ஆர்டிட்டி 1974 இல் தோற்றுவித்த இக்குழு, வாழும் இயற்றுநரின் புத்தாக்கங்களை வாசித்தலையே நோக்கமாகக் கொண்டது. இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் கூடிய இக்குழுவுக்கெனவே எழுதப்பட்ட ஆக்கங்கள் மிகப் பல. 1999 இல் ஏர்ன்ஸ்ட் வொன் சீமென்ஸ் இசைப்பரிசு இக்குழுவுக்கு வழங்கப்பட்டது.

நால்வர் குழுவிலே சேர்தல் தனிக்கலைஞனுக்கு ஒருவகைத் துறவாகும். அங்கே தனிப்பெயருக்கு இடம் குறைவு. பிறர் மூச்சைக் கேட்டு வாசித்தல் வேண்டும். கால் நூற்றாண்டுக்கு மேலாக அத்துறவை மேற்கொண்ட கலைஞர் யாது பெற்றார்? அதனை அறிய இரு சான்றுகள் போதும்.

1995 ஜூன் 26 ஆம் நாள் அம்ஸ்டர்டாமிலே ஸ்டொக்ஹௌசனின் 'ஹெலிகொப்டர் நால்வரிசை' முதன்முறையாக வாசிக்கப்பட்டது. நால்வரும் தனித்தனி ஹெலிகொப்டரில் ஏறி வானிலே பறந்தவாறு வாசித்தனர். ஒருவர் முகத்தை மற்றவர் காணவோ ஒருவர் இசையை மற்றவர் கேட்கவோ இயலாத நிலையில், செவிக்கருவியில் வரும் கால அளவொலியைத் துணைக்கொண்டே அவர்கள் ஒன்றுபட்டனர். இதனை வேடிக்கை என்று தள்ளுதல் எளிது. ஓரளவுக்கு வேடிக்கையும் ஆகும். ஆயினும் கேட்கப்படாத துணைவரோடு காலம் பிசகாது நிற்றல், தாளம் உடம்பிலே ஊறியவர்க்கே கைகூடுவது.

மற்றைய சான்று யானிஸ் செனாக்கிசின் தனிச் செல்லோ ஆக்கமாகிய 'கொத்தோஸ்' (1977). செனாக்கிஸ் கிரேக்கர், பொறியியல் கற்றுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயிடம் பணிபுரிந்தவர், கணிதத்தின் நிகழ்தகவு முறையினை இசைக்குள் புகுத்தியவர். கொத்தோஸ் என்பது கிரேக்க புராணத்து நூறு கை அரக்கனின் பெயர். இறைவனது கூத்துக்கு ஆயிரங் கைகளாற் குடமுழா இயக்கிய வாணன் கதையை அறிந்த தமிழ் மாணவனுக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. இரு கைகளே உடைய மனிதன் நூறு கைகளின் ஆற்றலைக் காட்டல் வேண்டும் என்பதே இவ்வாக்கம் விடுக்கும் அறைகூவல். அதன் தொடக்கத்திலே வில் நரம்பை அரைத்து எழுப்பும் கரகரப்பொலி, இனிமையை மட்டும் இசையென்று கருதுவோரைத் திடுக்கிடச் செய்யும். டி சேரம் இதனை வாசிக்கையில் கரகரப்பும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டு நிற்றலைக் கேட்கலாம். தோலிலே எழும் ஓசைக்கும் இலக்கணம் உண்டென்று இளமையிலேயே அறிந்தவர்க்கு, நரம்பிலே எழும் ஓசையை வெறுக்கக் காரணம் இல்லை.

கொள்ளலும் கொடுத்தலும்

ஓரிசை மற்றோரிசையோடு உறவு கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் மூன்றினை ஈண்டு ஒப்பிட்டுக் காணல் பயன்தரும்.

முதலாவது, கருவியைக் கொள்ளல். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் (1786–1858), தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் மேனாட்டு வயலினைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினர். நின்று வாசித்த கருவியை நம்மவர் அமர்ந்து வாசித்தனர். சுருதி கூட்டும் முறையை மாற்றினர். கமகத்தை அதன் நரம்பிலே ஏற்றினர். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்டல் அரிது. கருவி வந்தது, அதன் இசை வரவில்லை.

இரண்டாவது, மெட்டைக் கொள்ளல். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலப் பாண்டுவாத்திய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றிய நோட்டுசுரங்கள் இவ்வகையின. இலங்கையிலே தேவர் சூரியசேன (1899–1981) இதன் மறுதலையாகச் செய்தார். இலண்டன் இசைக்கல்லூரியிலே மேனாட்டு முறையிற் பயின்ற அவர், சிங்கள நாட்டார் பாடல்களைத் தேடிப் பாடி வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டுசென்றார். பாடல் சென்றது, அது பாடப்பட்ட களம் செல்லவில்லை.

மூன்றாவது, கையின் பயிற்சியைக் கொள்ளல். இதுவே டி சேரத்தின் வழி. அவர் செல்லோவிலே சிங்கள மெட்டு வாசித்துக் கைதட்டல் பெற முயன்றவரல்லர். கண்டி மேளத்துக்குப் பியானோவைத் துணைசேர்த்து விருந்தாக்கியவருமல்லர். செல்லோவைச் செல்லோவாகவும் முழவை முழவாகவும் நெடுங்காலம் தனித்தனியே பயின்றார். இவை இரண்டும் எங்கே கூடும் என்பதை அவர் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. கூடுதற்குரிய காலம் வந்தபோது இரண்டும் ஆயத்தமாக இருந்தன.

பெரியோவின் பதினான்காம் செக்குவென்சா

அக்காலம் 2002 இல் வந்தது. இத்தாலிய இயற்றுநர் லூசியானோ பெரியோ (1925–2003), 1958 இல் புல்லாங்குழலுக்கென எழுதிய ஆக்கத்தோடு தொடங்கி, 'செக்குவென்சா' என்னும் பெயரிலே தனிக்கருவிகளுக்கான ஆக்கங்களை நிரலாகப் படைத்து வந்தார். நான்காவது பியானோவுக்கு உரியது. ஒவ்வொன்றும் ஒரு கருவியின் ஆற்றலையும் அதனை இயக்கும் கலைஞனின் ஆற்றலையும் எல்லைவரை சோதிப்பது. பதினான்காவதைச் செல்லோவுக்கென எழுதி டி சேரத்துக்கு உரிமையாக்கினார். அதிலே டி சேரம் வாயிலாகத் தாம் அறிந்த கண்டி மேளத்தின் தாள அமைப்புகளைப் பெரியோ பயன்படுத்தினார். எழுதிய அடுத்த ஆண்டிலே பெரியோ மறைந்தார். இசைத்தட்டாகவும் பதிவாகியுள்ள அவ்வாக்கம் நிலைபெற்றது.

இவ்வாக்கத்தின் சில பகுதிகளிலே வில் ஓய்ந்திருக்கின்றது. வலக்கை செல்லோவின் மரவுடலைத் தட்டுகின்றது. இடக்கை விரல்கள் நரம்புகளின்மீது அடித்து இறங்கிச் சுரங்களை எழுப்புகின்றன. மேலெழுந்தவாரியாகக் கேட்போர், செல்லோக் கலைஞர் கருவியை மேளமாக்கி விளையாடுகின்றார் என எண்ணக்கூடும். உற்று நோக்கின் உண்மை வேறாகும். கண்டி மேளத்தின் இரு முகங்களும் இருவேறு ஒலியின என்பது முன்னர்க் கூறப்பட்டது. செல்லோவின் மரத்திலே எழும் ஓசை ஒரு முகம். நரம்பிலே எழும் சுரம் மறுமுகம். ஆகவே இங்கே கடனாகப் பெறப்பட்டது மேளத்தின் ஓசையன்று. இரு கைகளும் இரு வேறு தொழில் புரிந்து ஒரு காலத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கும் ஒழுங்கே பெறப்பட்டது. செல்லோ வாசிப்பிலே இடக்கை சுரத்தையும் வலக்கை வில்லையும் ஆள்வது வழக்கம். அவ்வழக்கத்தைக் குலைத்து, இரு கைகளையும் முழவுக் கைகளாக்கி, மீண்டும் வில்லைக் கையிலெடுத்து நீண்ட சுரத்தை இழுக்கும்போது, முன்னர்க் கேட்ட தட்டொலியின் காலம் அந்நீண்ட சுரத்தினுள்ளும் ஓடிக்கொண்டிருப்பதை உணரலாம். இவ்வாக்கத்தின் சிறப்பு இவ்விடத்திலேயே உள்ளது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, யாழாசானுக்கும் குழலாசானுக்கும் தண்ணுமையாசானுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கின்றது. தண்ணுமையாசான் பிறர்க்குப் பணிபுரிவோன் அல்லன். தனக்கெனக் கல்வியும் பொறுப்பும் உடையவன். விபுலாநந்த அடிகள் யாழ்நூலை (1947) ஆக்கும்போது இக்காதையை ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொண்டது தற்செயலன்று. இசையின் பல துறைகளும் ஓரரங்கில் ஒப்ப நின்ற நிலையை அது காட்டுகின்றது. நரம்பாசானும் தோலாசானும் ஓருடம்பிலே குடிகொண்ட அரிய காட்சியாக டி சேரத்தின் வாசிப்பைக் கொள்ளின், அதன் பெருமை நம் மரபின் அளவுகோலாலேயே விளங்கும்.

தடைகளும் விடைகளும்

இனி, அவர்தம் கலைமேற் கூறத்தக்க குறைகளையும் ஆராய்தல் நடுநிலையாகும்.

புத்திசை மக்களுக்கு விளங்காதது, சிறு குழுவினரின் ஆராய்ச்சிப் பொருளாகவே நிற்பது என்பது முதற்றடை. இதில் உண்மை உண்டு. செனாக்கிசைக் கேட்போர் தொகை என்றும் சிறிதே. ஆயினும் கேட்போர் தொகையே அளவாயின், சங்கப் பாடல்கள் பல நூற்றாண்டுகள் ஏட்டிலே கிடந்த காலத்து அவை மதிப்பற்றனவாயிருந்தன என்றல்லவா கூற நேரும்? வாழும் இயற்றுநர்க்குத் திறமான கை கிடையாவிடின் புதுப்படைப்பு தோன்றாது. டி சேரம் தம் கையை அவர்களுக்குக் கொடுத்தார். பயன் உடனே தோன்றாமையைக் குறையெனல் பொருந்தாது.

இரண்டாவது தடை வலியது. கண்டி மேளம் சடங்கோடும் ஆடலோடும் பிறந்தது. தெய்வத்தை அழைக்கவும் நோயை நீக்கவும் ஊரை ஒன்றுகூட்டவும் முழங்கிய ஒலி, பெரியோவின் ஏட்டிலே தாளக் கணக்காக மாத்திரம் எஞ்சுகின்றது. ஐரோப்பிய மண்டபத்திலே அதனைக் கேட்போன் கணக்கைக் கேட்கின்றான், களத்தைக் காணவில்லை. சூரியசேனவின் பாடல்மேற் கூறப்பட்ட குறை இங்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ளல் வேண்டும். இக்குறையைக் கலைஞர் திறமையால் நீக்க இயலாது. ஆயினும் ஒரு வேறுபாடு நினைக்கத்தக்கது. டி சேரம் கண்டி மேளத்தின் இடத்திலே செக்குவென்சாவை வைக்குமாறு எவரையும் கேட்கவில்லை. மேளம் தன் களத்திலே இருக்க, அதனிடம் கற்ற பாடம் ஒன்று வேறு களத்திலே பயன்பட்டது. மூலத்தை அழித்துப் பெறும் கடனுக்கும், மூலத்தைப் போற்றிப் பெறும் கல்விக்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

மூன்றாவது தடை கலைஞரைச் சாராது, நாட்டையே சாரும். இத்தகைய ஒருவரை இலங்கை தன்னகத்தே வளர்த்திருக்க இயலுமா? பதினொரு வயதிலே இத்தாலிக்கு அனுப்பும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? இலங்கைச் சிம்பொனி இசைக்குழு 1958 இலேயே தோன்றியதாயினும், மேனாட்டிசைக் கல்வி பெரும்பாலும் கொழும்பையும் சில நகரங்களையும் கடந்து செல்லவில்லை. எனவே டி சேரத்தின் வெற்றியை நாட்டின் வெற்றியாகக் கொண்டாடுவோர், அவருக்கு வாய்த்த சூழல் பிறர்க்கு வாய்க்கவில்லை என்பதையும் உடன் கூறக் கடமைப்பட்டவராவர். 2004 டிசெம்பரிலே பேராதனைப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய கலாநிதிக் கௌரவப் பட்டம் வழங்கியது. 2005 இல் அரசு தேசமான்ய விருதளித்தது. கண்டி மேளம் பிறந்த மலைநாட்டிலேயே முதற்பட்டம் வழங்கப்பட்டமை பொருத்தமானது. ஆனால் பட்டம் முடிந்த கலைக்குச் செய்யும் மரியாதை. பள்ளிக்கூடமே வருங்கலைக்குச் செய்யும் கடமை.

முடிவுரை

இக்கடமையைப் பற்றிய வினாவே டி சேரத்தின் வாழ்வு கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் விட்டுச்செல்வது. இலங்கைப் பாடசாலைகளிலே கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் என மூன்றும் தனித்தனிப் பாடங்களாக உள்ளன. மாணவன் பிறந்த மொழியும் பயிலும் பள்ளியுமே பெரும்பாலும் அவன் எதனைக் கற்பான் என்பதைத் தீர்மானிக்கின்றன. பாடங்களைத் தனித்தனியே வைத்தல் பிழையன்று. ஒன்றை ஆழக் கற்றலே கல்வி. டி சேரமும் கலவைப் பாடம் கற்றவரல்லர். ஆயின் தன் துறையை ஆழக் கற்பவன் அயலான் துறையை எட்டியும் பாராதிருத்தல் அறிவுடைமையாகாது. தத், ஜித், தொன், நன் என்னும் சொற்களைத் தமிழ் மாணவன் ஒரு பருவமேனும் பழகுதலும், தகதிமியைச் சிங்கள மாணவன் பழகுதலும் பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல. வேண்டுவது, அடுத்த ஊர் முழவாசானை ஆசான் என்று அழைக்கும் மனப்பண்பு ஒன்றே. மிரியம் தம் காலத்திலே காட்டியது அப்பண்பு. அவர் மகன் கைவழியே உலகம் கேட்டது அதன் விளைவு. பேரன் சுரேனும் இங்கிலாந்திலே இளைஞர் இசைக்குழு ஒன்றின் முழவுக் கலைஞராக விளங்குதலை நோக்குமிடத்து, அவ்விளைவு வேறொரு வடிவிலே தொடர்கின்றது எனலாம்.

மகாவலியை மறித்து எழுப்பிய விக்டோரியா அணை 1985 இலே திறக்கப்பட்டபோது, பழைய தெல்தெனிய நகரம் நீரின் கீழ் மறைந்தது. மக்கள் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்து புதிய நகரை அமைத்தனர். வீட்டையும் வீதியையும் எவரும் எடுத்துச் செல்ல இயலவில்லை. ஆயினும் கையிலே கலையுடையோர் அதனை உடன் கொண்டே சென்றனர். கண்டி மேளத்தின் தாளமும் அவ்வாறே ஒருவர் கையிலே இலண்டன் சென்றது. அங்கிருந்து இத்தாலிய இயற்றுநர் ஒருவரின் ஏட்டிலே ஏறியது. ஊர் மூழ்கினும் கைப்பழக்கம் மூழ்குவதில்லை. கற்பாரின்றி விடப்படின் மாத்திரமே அது மூழ்கும். றொஹான் டி சேரத்தைப் போற்றுதற்குரிய வழி, அவர் ஏறிய மேடைகளை எண்ணுதலன்று. அவர் இருமுறை அமர்ந்த இடமாகிய மாணவன் இருக்கையிலே அமர்தலே ஆகும்.